குப்பி அறையும் காலிப் பையும்: பழைய கம்ப்யூட்டர் கேம்களுக்கு விலை எங்கிருந்து வருகிறது?

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா ஆடியவர்களுக்கு அந்த அறை ஞாபகம் இருக்கும். முதல் கட்டத்தைத் தாண்டியதும் மருந்துக் குப்பிகளாக வைத்த ஓர் இடம் வரும். ஒவ்வொரு குப்பிக்கும் ஓர் ஆங்கில எழுத்து. திரையின் அடியில், இத்தனையாவது பக்கம், இத்தனையாவது வரி, இத்தனையாவது சொல் என்று ஒரு குறிப்பு. அந்தச் சொல்லின் முதல் எழுத்து எதுவோ, அந்தக் குப்பியைக் குடித்தால் கதவு திறக்கும். தப்பான குப்பியைக் குடித்தால் உயிர் குறையும்.

எந்தப் புத்தகத்தின் பக்கம்? எங்களிடம் ஏது புத்தகம்! தொண்ணூறுகளில் எங்கள் ஊர் கம்ப்யூட்டர் சென்டரில் இருந்தது ஒரே ஒரு ஃப்ளாப்பி. அதன் லேபிளில் பால்பாயிண்ட் பேனாவால் ‘பிரின்ஸ்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். அவ்வளவுதான் எங்கள் பிரதி. குத்துமதிப்பாக ஒரு குப்பியைக் குடிப்போம், சாவோம், மறுபடி குடிப்போம். அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிற கையேடு ஒன்று இருந்தது, அதை உள்ளே வைத்து ஓர் அட்டைப்பெட்டி விற்றார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியவந்தது ரொம்ப வருடம் கழித்து.

இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் காசு கொடுப்பது எங்களிடம் இல்லாமல் போன அந்தப் பெட்டிக்குத்தான். எங்களிடம் இருந்த கேமுக்கு விலையே கிடையாது. இதைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக் கொண்டிருந்தேன். சேர்ந்த குறிப்புகளை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதி வைக்கிறேன்.

கேம் இலவசம், காகிதம் விலை

முதலில் ஒரு அடிப்படை விஷயம். பழைய கம்ப்யூட்டர் கேம் ஒன்றை ஆட வேண்டும் என்றால் இன்று பெரும்பாலும் காசு தேவையில்லை. இன்டர்நெட் ஆர்கைவ் தளம் 2015 ஜனவரியில் சுமார் 2,400 எம்எஸ்-டாஸ் கேம்களை பிரவுசரிலேயே ஆடும்படி வைத்தது. ஆப்பிள் II, கமடோர் 64 எல்லாவற்றுக்கும் எமுலேட்டர்கள் உண்டு. ஆக, கேமை ஆடுவதற்காக யாரும் ஆயிரம் டாலர் கொடுப்பதில்லை.

புத்தகச் சந்தையிலும் இதே கதைதான். ஒரு நாவலின் மலிவுப் பதிப்பு எங்கும் கிடைக்கும், ஆனால் முதல் பதிப்பை, அதுவும் மேலுறையோடு தேடுகிறவர்கள் தனி. ஆனால் கம்ப்யூட்டர் கேம் விஷயத்தில் ஒரு முறுக்கு இருக்கிறது. இங்கே விலைபோகும் காகிதங்களில் பலவும், கள்ளப் பிரதி எடுப்பவர்களைத் தடுக்கவோ வெறுப்பேற்றவோ உண்டாக்கியவை. அதாவது, எங்களைப் போன்ற ஆட்களுக்காக.

ஜிப்லாக் பை காலம்

1979ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர்லேண்ட் கடை. அங்கே கோடை விடுமுறையில் வேலை பார்த்த ரிச்சர்ட் கேரியட் என்ற இளைஞன் ஆப்பிள் II-க்கு ஒரு கேம் எழுதியிருந்தான். பெயர் ‘அகலபெத்’. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, இதை விற்கலாமே என்றார். அச்சிட்ட சில தாள்கள், அம்மா வரைந்து கொடுத்த அட்டைப்படம், ஒரு ஃப்ளாப்பி. எல்லாவற்றையும் சமையலறையில் பயன்படுத்தும் ஜிப்லாக் பையில் போட்டுக் கடைச் சுவரில் தொங்கவிட்டார்கள். அப்படி விற்றவை விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

அதில் ஒரு பிரதி கலிஃபோர்னியா பசிஃபிக் என்ற நிறுவனத்தின் கைக்குப் போய், அவர்கள் முறையாக வெளியிட்டார்கள். 30,000 பிரதிகள் விற்றன, பிரதிக்கு 5 டாலர் தனக்கு வந்தது என்பது கேரியட் பின்னாளில் சொன்ன கணக்கு. அவர்தான் அடுத்து ‘அல்டிமா’ வரிசையை உருவாக்கினார்.

அடுத்த வருடம், 1980ல், கலிஃபோர்னியாவில் ராபர்ட்டா வில்லியம்ஸ், கென் வில்லியம்ஸ் தம்பதி ‘மிஸ்டரி ஹவுஸ்’ வெளியிட்டார்கள். வெறும் எழுத்தாக இருந்த சாகச கேம்களில் படம் வந்தது இதில்தான். அதுவும் ஜிப்லாக் பைதான், விலை 24.95 டாலர். வீட்டிலேயே பையில் போட்டு ஒட்டி, கென் கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த நிறுவனம்தான் பிறகு சியரா ஆன்-லைன் ஆனது.

இந்தப் பைகள் ஏன் இன்று கிடைப்பதில்லை என்று யோசித்தால் பதில் ரொம்பச் சாதாரணம். பிளாஸ்டிக் பையை யார் எடுத்து வைப்பார்கள்? வீட்டுக்கு வந்ததும் ஃப்ளாப்பியை எடுத்து டப்பாவில் போடுவார்கள், பை குப்பைக்குப் போகும். அரிதாக வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. எல்லாரும் தூக்கிப் போட்டார்கள், தூக்கிப் போடாத ஒன்றிரண்டு பேரிடம் மிஞ்சியது. அப்போது குப்பையாக இருந்ததுதான் இப்போது விலை.

மாத்திரை, பஞ்சு, ஒன்றுமில்லாத பை

1982ல் இன்ஃபோகாம் நிறுவனம் ‘டெட்லைன்’ என்ற துப்பறியும் கேமை வெளியிட்டது. முழுக்க முழுக்க எழுத்து, படமே கிடையாது. அன்றைய ஃப்ளாப்பியில் இடம் சொற்பம். கொலை வழக்கின் பின்னணி முழுவதையும் அதில் அடைக்க முடியவில்லை. அதனால் கேமை எழுதிய மார்க் பிளாங்கும் மற்றவர்களும் மிச்சத்தைக் காகிதத்துக்கு மாற்றினார்கள். பெட்டியைத் திறந்தால் போலீஸ் விசாரணைக் குறிப்புகள், ஆய்வக அறிக்கை, சம்பவ இடத்துப் புகைப்படம், ஒரு சின்னப் பையில் வெள்ளை மாத்திரைகள். ஒரு கேஸ் கட்டையே கையில் கொடுத்த மாதிரி.

வாங்கியவர்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. நிறுவனத்துக்கு இன்னொரு லாபமும் தெரிந்தது: ஃப்ளாப்பியைக் காப்பி அடிக்கலாம், மாத்திரைப் பையைக் காப்பி அடிக்க முடியாது. காப்பி எடுத்தவனிடம் கேம் இருக்கும், ஆனால் துப்பு பாதி இருக்காது. அதன்பிறகு அவர்களுடைய ஒவ்வொரு கேமிலும் இப்படி ஏதாவது ஒன்று வந்தது. ‘ஃபீலீஸ்’ என்று அதற்குப் பெயர். தொட்டுப் பார்க்கிற சாமான்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

‘ஸ்டார்கிராஸ்’ கேம் பறக்கும் தட்டு வடிவ பிளாஸ்டிக் உறையில் வந்தது. ‘சஸ்பெண்டட்’ பெட்டியின் முகப்பில் ஒரு வெள்ளை முகமூடி. கடைக்காரர் நிலையை யோசித்துப் பாருங்கள். வட்டமான தட்டை எந்த அலமாரியில் அடுக்குவது? 1984 முதல் எல்லா கேம்களையும் ஒரே அளவு சாம்பல் நிறப் பெட்டிக்கு மாற்றிவிட்டார்கள். பறக்கும் தட்டும் முகமூடியும் அத்தோடு நின்றன. இன்று ஒரே கேமின் இரண்டு பதிப்புகளும் விற்பனைக்கு வந்தால், எதற்கு விலை அதிகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அலமாரியில் அடங்காமல் கடைக்காரரைத் திட்ட வைத்ததுதான் இன்றைக்கு மதிப்பு.

எனக்குப் பிடித்த உதாரணம் 1984ல் வந்த ‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு’. நாவலை எழுதிய டக்ளஸ் ஆடம்ஸே ஸ்டீவ் மெரெட்ஸ்கியோடு சேர்ந்து செய்த கேம். பெட்டிக்குள் ஒரு பட்டன் பேட்ஜ், ஆபத்து வந்தால் தானாகக் கறுத்துவிடும் என்று சொல்லிக்கொண்டு ஏற்கெனவே முழுக் கறுப்பாக இருக்கிற அட்டைக் கண்ணாடி, வீட்டை இடிக்க ஓர் உத்தரவு, பூமியை இடிக்க ஓர் உத்தரவு, சட்டைப்பையில் சேரும் பஞ்சு கொஞ்சம். அப்புறம் ஒரு காலிப் பிளாஸ்டிக் பை. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதான விண்வெளிக் கப்பல் படை இருக்கிறதாம்!

அன்றைக்கு அது ஜோக். இன்றைக்கு அந்தக் காலிப் பை இல்லை என்றால் பெட்டி ‘முழுமையில்லை’, விலை குறையும். ஒன்றுமே இல்லாத பைக்கு டாலர் கணக்கில் மதிப்பு. ஆடம்ஸ் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

கேரியட்டும் இந்த வழியில் தீவிரமானவர். 1982ல் ‘அல்டிமா II’க்கு ஒரு துணி வரைபடம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ‘டைம் பாண்டிட்ஸ்’ என்ற சினிமாவில் வருகிற வரைபடம் அவரை அப்படிப் பாதித்திருந்தது. செலவுக்குப் பயப்படாமல் ஒப்புக்கொண்டு வெளியிட்டது சியரா. 1985ல் வந்த ‘அல்டிமா IV’ பெட்டியில் துணி வரைபடம், இரண்டு புத்தகங்கள், கூடவே உலோகத்தில் ஓர் ஆங்க் சின்னம். கழுத்தில் கோத்துப் போட்டுக்கொண்ட பையன்கள் எத்தனை பேரோ, தொலைத்தவர்கள் எத்தனை பேரோ. தொலைத்தவர்கள் அதிகம் என்பதால்தான் அந்தச் சின்னத்தோடு வருகிற பெட்டிக்கு மவுசு.

அரிது என்றால் மட்டும் போதாது

அரிதாக இருப்பதெல்லாம் விலை போகுமா? போகாது. எண்பதுகளில் பத்துப் பதினைந்து பிரதி மட்டும் விற்றுக் காணாமல் போன கேம்கள் ஏராளம். அவற்றை யாரும் தேடுவதில்லை.

1983ல் சியரா வெளியிட்ட ‘எஸ்கேப் ஃப்ரம் மவுண்ட் டிராஷ்’ நல்ல எடுத்துக்காட்டு. விஐசி-20 கம்ப்யூட்டருக்கு கேசட்டில் வந்தது. எழுதியவர் கேரியட்டின் நண்பர். கதையும் அல்டிமா வரிசையோடு சேராது. ஆனால் விற்பனைக்காகப் பெட்டியின் மேல் ‘அல்டிமா’ என்று போட்டுவிட்டார்கள். அப்போது விஐசி-20யின் காலம் முடிந்துகொண்டிருந்தது, கமடோர் 64 வந்துவிட்டது. போதாக்குறைக்கு இந்த கேமுக்குக் கூடுதல் மெமரி வேறு வாங்கிச் சொருக வேண்டும். யார் வாங்குவார்கள்?

அந்தத் தோல்விதான் பின்னால் அதிர்ஷ்டமாக மாறியது. அல்டிமா வரிசையை ஒன்று விடாமல் சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் பட்டியலில் ஒரு ஓட்டை, அந்த ஓட்டையை அடைக்க இந்த கேசட் மட்டும்தான். அப்படி ஒன்று வெளியானதா இல்லையா என்றே ரொம்ப நாள் சந்தேகப்பட்டார்கள். பிரதி அகப்பட்டபோது ஆயிரக்கணக்கான டாலருக்குப் போனது. கேம் சுமார் ரகம், பெயர்தான் விலை. வேறு பெயரில் வந்திருந்தால் இன்று யாரும் அதைத் தேடியிருக்க மாட்டார்கள்.

நேர் எதிர் உதாரணமும் உண்டு. இது கம்ப்யூட்டர் கேம் இல்லை, டிவியில் சொருகி ஆடுகிற அடாரி கேம், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். ‘ஈ.டி.’ கேம் லட்சக்கணக்கில் தயாரித்து, விற்காமல் தேங்கியது. 1983ல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் அடாரி கொட்டிப் புதைத்த சரக்கில் அதுவும் இருந்தது. 2014 ஏப்ரலில் தோண்டினார்கள். சுமார் 1,300 கார்ட்ரிட்ஜ்கள் வெளியே வந்தன. நசுங்கியவை, நாற்றமடிக்கிறவை. அதில் 881ஐ விற்று ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்த்தார்கள். அதே கேமின் சுத்தமான பிரதி அப்போது சில டாலருக்குக் கிடைத்தது! குப்பைமேட்டிலிருந்து வந்தது என்பதற்கு ஊர் நிர்வாகம் கொடுத்த சான்றிதழ்தான் வித்தியாசம். வாங்கியவர்கள் காசு கொடுத்தது ஒரு கதைக்கு.

ஆக, மூன்று விஷயம் சேர வேண்டியிருக்கிறது. மிச்சம் இருப்பது குறைவாக இருக்க வேண்டும், அதைத் தேடுவதற்கு ஆள் இருக்க வேண்டும், அதன் பின்னால் சொல்ல ஒரு கதை இருக்க வேண்டும். தேடுகிற ஆள் யார் என்பதும் மர்மமில்லை. பன்னிரண்டு வயதில் கடைக் கண்ணாடி வழியே அந்தப் பெட்டியைப் பார்த்து ஏங்கியவருக்கு இன்று ஐம்பது தாண்டிவிட்டது, கையில் காசு இருக்கிறது.

உடைக்காத உறை

அடுத்தது நிலைமை. மூலை மடங்கியிருக்கிறதா, வெயிலில் வெளுத்திருக்கிறதா, விலைச் சீட்டு ஒட்டிய கறை இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சேகரிப்பாளர்கள் ‘மோபிஸ்கேல்’ என்று ஒரு தர அளவுகோலே வைத்திருக்கிறார்கள். அதன் உச்சியில் இருப்பது, தொழிற்சாலையில் சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத பெட்டி.

இந்த மோகம் எங்கே போய் நின்றது என்பதற்கு டிவி கேம்களைப் பார்க்கலாம். 2021 ஜூலையில் பிரிக்காத ‘சூப்பர் மரியோ 64’ ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அடுத்த மாதமே பிரிக்காத ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ ஒன்று 20 லட்சம் டாலர். இரண்டுமே கோடிக்கணக்கில் விற்ற கேம்கள். கேம் அரிதில்லை, பிரிக்காமல் விட்டதுதான் அரிது. அதைக் கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து, மேலே மார்க் போட்டுத் தருகிறார்கள். இனி அதை யாரும் திறக்கப்போவதில்லை.

காலி ஃப்ளாப்பி

2022ல் நடந்த ஒரு சம்பவம்தான் என்னை இதையெல்லாம் படிக்க வைத்தது. பழைய பெரிய பெட்டி பிசி கேம்களைச் சேகரிப்பவர்களுக்கு ஃபேஸ்புக்கில் ஒரு குழு இருக்கிறது. பல வருடமாக எல்லாரும் மதித்த ஒரு சேகரிப்பாளர், அங்கே பலருக்கும் விற்றதும் பண்டமாற்று செய்ததும் போலிகள் என்று அந்தக் குழுவே பகிரங்கமாகக் குற்றம்சாட்டியது. அவர் பெயர் நமக்குத் தேவையில்லை. எந்தெந்த கேம்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது: அகலபெத், மிஸ்டரி ஹவுஸ், ஆரம்பகால அல்டிமா.

ஏன் அவை? திரும்ப மேலே போய்ப் பாருங்கள். ஜிப்லாக் பை, அச்சிட்ட சில தாள்கள், லேபிள் ஒட்டிய ஒரு ஃப்ளாப்பி. முகமூடியையும் உலோகச் சின்னத்தையும் போலியாகச் செய்ய அச்சு வார்க்க வேண்டும். இதற்கு நல்ல பிரிண்டர் ஒன்று போதும். அதிக விலை போகிற பொருள்தான் செய்வதற்குச் சுலபமான பொருளாகவும் இருந்தது. லேபிள்கள் கையால் வெட்டியவை போல இருந்தன, அச்சுப் புள்ளிகள் அந்தக் காலத்து அச்சு மாதிரி இல்லை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். ஃப்ளாப்பியை டிரைவில் போட்டுப் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை, அப்படியும் இருந்தது.

எனக்கு உறைத்தது இந்தக் கடைசி விஷயம்தான். வாங்கியவர்கள் வருடக்கணக்கில் அதை டிரைவில் போட்டுப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நாற்பது வருடப் பழைய ஃப்ளாப்பியை டிரைவில் போட்டால் தேயும், கீறல் விழும், சில சமயம் அதோடு முடிந்துபோகும். உறை பிரிக்காதது என்றால் கேட்கவே வேண்டாம், பிரித்த நொடியே விலை போச்சு. அதனால் நம்பி வைத்துக்கொண்டார்கள். ஹிட்ச்ஹைக்கர்ஸ் பெட்டியில் இருந்த காலிப் பை ஜோக். இங்கே காலி ஃப்ளாப்பி, ஆனால் சிரிக்க முடியவில்லை.

பெட்டிக்கு விலை ஏற ஏற, உள்ளே இருப்பதைத் தொட யாருக்கும் தைரியம் வராது. ஆனால் ஃப்ளாப்பி அதுவரை காத்திருக்காது. அது பிளாஸ்டிக் தகட்டின் மேல் பூசிய காந்தத் துகள். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், பூச்சு உதிரும், பதிவு மங்கும். கண்ணாடிக் கூட்டுக்குள் 9.8 மார்க்கோடு இருக்கிற பெட்டிக்குள் கேம் இருக்கிறதா, வெறும் தகடா என்று ஒரு காலத்தில் யாராலும் சொல்ல முடியாது.

இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். கிரையோஃபிளக்ஸ், ஆப்பிள்சாஸ் மாதிரியான கருவிகளால் ஃப்ளாப்பியின் காந்தப் பதிவையே அப்படியே படித்து, காப்பி எடுக்க விடாத பூட்டு உட்பட, சேமிக்கிறார்கள். 4ஏஎம் என்ற புனைபெயரில் ஒருவர் ஆப்பிள் II கேம்களின் பூட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, எப்படிப் பிரித்தேன் என்ற விளக்கத்தோடு இன்டர்நெட் ஆர்கைவில் போட்டு வருகிறார். இவர்களுக்குப் பெட்டியின் மூலை மடங்கியதா என்பது பொருட்டில்லை. ஃப்ளாப்பி படிக்கிறதா என்பதுதான் கேள்வி.

அலமாரியில் கிடந்த ஒரு பெட்டி

ஆரம்பித்த இடத்துக்கே வருகிறேன். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை ஜோர்டன் மெக்னர் முதலில் எழுதியது ஆப்பிள் II-க்கு, வெளிவந்தது 1989ல். அந்த மூல நிரலைப் பின்னாளில் அவரே தேடிப் பார்த்துவிட்டார், கிடைக்கவில்லை, தொலைந்தது என்று விட்டுவிட்டார். 2012ல் அவருடைய அப்பா வீட்டு அலமாரியை ஒழிக்கும்போது ஒரு பெட்டி அகப்பட்டது. மெக்னரின் முந்தைய கேமான ‘கராத்தேகா’வின் ஸ்பெயின் பிரதிகளோடு சில 3.5 அங்குல ஃப்ளாப்பிகள். மேலே பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா என்று எழுதியிருந்தது.

அவர் அதை ஏலத்துக்கு அனுப்பவில்லை. பழைய வட்டுகளைப் படிப்பதில் அனுபவமுள்ள ஜேசன் ஸ்காட், டோனி டியாஸ் இருவரையும் வீட்டுக்கு வரவழைத்தார். இருபது வருடத்துக்கு மேல் அலமாரியில் கிடந்தவை நல்லவேளையாகப் படித்தன. நிரல் முழுவதையும் கிட்ஹப்பில் எல்லாருக்கும் திறந்து வைத்துவிட்டார். இன்றும் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். ஒரு சின்ன கம்ப்யூட்டரின் நினைவகத்துக்குள் அந்த இளவரசன் எப்படி ஓடினான், தாவினான் என்று வரி வரியாக இருக்கிறது.

சேகரிப்பாளர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவர்கள் எடுத்து வைக்காமல் இருந்தால் மாத்திரைப் பையும் துணி வரைபடமும் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது, நான் இதை எழுதியிருக்கவும் முடியாது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். விலை ஏறுவதற்கு முன்னால் உள்ளே இருப்பதைப் படித்து ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள், அப்புறம் பெட்டியை எத்தனை பூட்டு போட்டு வேண்டுமானாலும் வையுங்கள்.

அந்தக் கையேட்டின் ஸ்கேன் ஒன்றைப் போன மாதம் இணையத்தில் பார்த்தேன். பக்கத்தில் வைத்துக்கொண்டு எமுலேட்டரில் ஆடினேன். குப்பி அறை வந்தது. பக்கம், வரி, சொல் எண்ணிப் பார்த்துச் சரியான குப்பியைக் குடித்தேன். கதவு திறந்தது. முதல் தடவையிலேயே!